நெஞ்சுக் குழியும் ஸ்கேன் படமும்



லயத்துப் பக்கம் போனபோது ஒரு தாய் தன் மகனின் சட்டையைத் தூக்கிக் காட்டினார். நெஞ்சின் நடுவில் ஒரு கிண்ணம் வைக்கலாம் போலக் குழி. "வயித்துல இவன் இருக்கிறப்போ கூடை சுமந்தேனே, அதனாலயா ஐயா?" என்று அழுதார்.

அதனால் அல்ல அம்மா. விலா எலும்பை மார்பெலும்போடு சேர்க்கும் குருத்தெலும்பு கோணலாக வளர்வதால் வருவது இது. சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். ஆண்பிள்ளைகளுக்கே கூடுதல். பிள்ளை மளமளவென்று வளரும் வயதில் குழியும் ஆழமாகும். சிலருக்கு ஓடினால் மூச்சு வாங்கும்; இருதயம் இடப்பக்கம் தள்ளுப்படும்.

சத்திரசிகிச்சை தேவையா என்று வெளியில் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து தெரியும். சீ.டி. ஸ்கேன் மிசினோ, ஒரு றாத்தல் பாணைத் துண்டு துண்டாக வெட்டின மாதிரி உடம்பைப் படம் பிடிக்கும். அந்தத் துண்டுகளைக் கணனி அடுக்கினால் முழு நெஞ்சுக்கூடும் முப்பரிமாணமாகத் திரையில் நிற்கும். வைத்தியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

படத்தில் கணக்கும் உண்டு. நெஞ்சின் உள் அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுப்பார்கள். அகலம் 24 சென்டிமீற்றர், இடைவெளி 6 என்றால் விடை 4. சாதாரணமாக இது 2.5 அளவில் இருக்கும். 3.25க்கு மேல் போனால் கடுமையான குழி. இதோடு மூச்சு, இருதயப் பரிசோதனைகளையும் பார்த்தே முடிவெடுப்பார்கள்.

அமெரிக்க வைத்தியர் டொனால்ட் நஸ் 1998இல் வெளியிட்ட முறையில், இரு பக்கமும் சிறு வெட்டுப் போட்டு, வளைத்த உலோகப் பட்டையை மார்பெலும்புக்குப் பின்னால் செலுத்தி, குழியை நிமிர்த்துவார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்துப் பட்டையை எடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டை இருதயத்தை உரசினாற்போல் போகும். ஆகவே குழி எங்கே ஆழம், இருதயம் எந்தப் பக்கம், பட்டை எவ்வளவு நீளம், எப்படி வளைக்க வேண்டும் என்பதெல்லாம் கத்தி வைக்கும் முன்பே படத்தில் தெரிந்தால் ஆபத்துக் குறையும்.

ஸ்கேனுக்குப் போகும்போது சங்கிலி, தாயத்தைக் கழற்றுங்கள். எக்ஸ்ரேயை விட இதில் கதிர் கூடுதல். பெண்கள் கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். தேவையில்லாமல் எடுக்கச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம்.

பிள்ளை சட்டையைக் கழற்ற வெட்கப்பட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போகாமல் இருந்தால், ஏசாதீர்கள். தோட்ட வைத்தியரிடம் துண்டு வாங்கி, அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். வழி தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள்.