பயிரின் சூட்டைக் கணக்கெழுதும் கணனி

உச்சி வெயிலில் இலை சோர்ந்து நிற்கும் பயிரைக் கண்டால் எமக்கு மனம் பொறுக்காது. உடனே தண்ணீர் இறைக்க ஓடுவோம். சில வேளைகளில் அந்த இலை மாலையில் தானாகவே நிமிர்ந்துவிடும்; இறைப்புக்குச் செலவழித்த எண்ணெய்க் காசு வீண். வேறு சில வேளைகளில், வாட்டம் கண்ணுக்குத் தெரியுமுன்பே விளைச்சலில் ஒரு பங்கு போய்விடும். இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் பயிரிடும் குடும்பத்துக்கு இவ்விரண்டுமே தாங்க முடியாத நட்டம். அப்படியானால் பயிரின் தாகத்தை வேளையோடு அறிவது எப்படி?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் துளைகளால் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. இலையிலும் இதுவே நடைபெறுகிறது. வேருக்கு ஈரம் கிடைக்கும்வரை இலைவாய்கள் திறந்திருக்கும், நீராவி வெளியேறும், இலை குளிரும். ஈரம் குறைந்ததும் பயிர் இலைவாய்களை ஒடுக்கிக்கொள்ளும், இலை சூடாகும்.

இந்தச் சூட்டைத் தொடாமலே அளக்கலாம். 1800 இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்தபோது, கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று இருப்பதைக் கண்டார். அதுவே செந்நிறக்கீழ்க் கதிர். இலையும் இக்கதிரை வெளிவிடுகிறது. அதைக் கருவி உள்வாங்கி வெப்பநிலையாகக் காட்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில், ஜாக்சன், இட்சோ, ரெஜினாட்டோ ஆகிய ஆய்வாளர்கள் 1970களில் கோதுமை வயல்களில் இவ்வாறு அளந்தனர். இலை காற்றைவிட எவ்வளவு சூடாயிருக்கிறது என்பதை நாள்தோறும் நண்பகல் கழிந்து குறித்துக் கூட்டிவந்தனர். காற்று உலர்ந்த நாளில் இலை அதிகம் குளிரும், ஈரமான நாளில் குறைவாகக் குளிரும் என்பதால், 1981 இல் காற்றின் ஈரத்தையும் கணக்கிற் சேர்த்தனர்.

கணனியின் உண்மையான உதவி இதற்கு அடுத்த படியிலேயே தெரிகிறது. ரெக்சாஸ் மாநிலத்தின் லபொக் நகரிலுள்ள அரச விவசாய ஆய்வாளர்கள் உருவாக்கிய 'பயோட்டிக்' என்னும் முறைக்கு 1996 இல் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இதில் கருவி பயிருக்கு மேலே நிலையாக நிற்கும். மென்பொருள் அளவீடுகளைப் பதிந்துகொண்டேயிருக்கும். பருத்திக்கு வெப்ப வரம்பு 28 பாகை செல்சியஸ். ஒரு தடவை அதைத் தாண்டியதும் மென்பொருள் தண்ணீர் கேட்பதில்லை. தாண்டி நின்ற நேரத்தைக் கூட்டுகிறது. உதாரணமாக, 15 நிமிடத்துக்கு ஓர் அளவீடு, நேர வரம்பு 330 நிமிடம் என வைத்துக்கொள்வோம். 22 அளவீடுகள் வரம்புக்கு மேலிருந்தால் 330 நிமிடம் நிறைந்துவிடும். அதற்கு மேல் போனாற்றான் நீர் பாய்ச்ச வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்து, நீர் இருந்தும் இலை குளிர முடியாத நேரம் கணக்கிற் சேராது.

ஆயினும் மென்பொருள் தனக்குக் கிடைத்த எண்ணை மட்டுமே அறியும். பயிர் சிறிதாயிருந்து இடையில் வெறும் மண் தெரிந்தால், கருவி மண்ணின் சூட்டையும் சேர்த்தே காட்டும். வேர் அழுகிய பயிரும் சூடாகும். அதற்குத் தண்ணீர் மருந்தாகாது. ஒரு பயிரின் வரம்பு இன்னொரு பயிருக்குப் பொருந்தாது. ரெக்சாசின் உலர்ந்த காற்றுக்கு வகுத்த நேரக் கணக்கை ஈரக் காற்றுள்ள ஊருக்கு அப்படியே கொண்டுவரவும் முடியாது.

கருவி எம் கைக்கு வராமற் போகலாம்; அதன் பாடம் கைக்கெட்டியதே. ஒரு பார்வையை நம்பி இறைக்காமல், ஒரே இடத்தை ஒரே நேரத்தில் நாள்தோறும் பார்த்து, இலை எப்போது சோர்ந்தது, எப்போது நிமிர்ந்தது, எப்போது இறைத்தோம் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவருவோம். பிள்ளைகளும் இதைச் செய்யலாம். அடுத்த போகத்தில் அந்தக் கொப்பி எமக்கு வழிசொல்லும்.