உமிக்குள் ஒரு கவசம்

மாணவர்களே, காலியான மண்டபத்தில் கைதட்டிப் பாருங்கள்; எதிரொலி கேட்கும். அங்கே கனத்த திரைச்சீலைகளைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கிவிடும். துணி ஒலியை விழுங்குவதுபோல மின்காந்த அலைகளை விழுங்கும் பொருள்களும் உண்டு.

அவை எதற்கு? நம் பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்கி வருகின்றன. ஒரு மின்னணுக் கருவி தேவையற்ற அலைகளை வெளியிட்டால், அருகிலுள்ள கருவி தடுமாறும். ஆகவே, அந்த அலைகளை அளந்து பார்க்க வேண்டும். சாதாரண அறையில் அளந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் சோதனை அறையின் சுவர்களில் கரி கலந்த நுரைக் கூம்பகங்களை வரிசையாகப் பதிக்கிறார்கள்.

ஏன் கூம்பக வடிவம்? தட்டையான பரப்பில் மோதும் அலையில் ஒரு பகுதி உடனே திரும்பிவிடும். கூம்பகத்தின் நுனியிலோ பொருள் மிகக் குறைவு. உள்ளே செல்லச் செல்லத்தான் கூடும். அதனால் அலை எளிதில் உள்ளே நுழைகிறது. அங்குள்ள கரியில் சிறு மின்னோட்டங்களை எழுப்பி, தன் ஆற்றலை வெப்பமாக இழக்கிறது.

மலேசியப் பெர்லிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய கூம்பகங்களை நெல் உமியையும் பிசினையும் கலந்து உருவாக்கினர். 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். உமியில் உள்ள கரிமமே இதற்குக் கைகொடுத்தது.

அறைக்குள் சரி. கொதிக்கும் ஜெட் எந்திரத்தின் அருகே? உமி எரிந்துவிடும், கரியும் எரிந்துவிடும். இரும்புகூட 770 பாகை செல்சியஸில் தன் காந்தத் தன்மையை இழந்துவிடும். அலையை விழுங்கினால் மட்டும் போதாது. இருக்கும் இடத்தையும் தாங்க வேண்டும்.

அங்கே உதவுவது சிலிக்கான் கார்பைடு. அது அலையையும் ஈர்க்கும், 1000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தையும் தாங்கும். கடும் வெப்பத்தில் அதன்மேல் மெல்லிய சிலிக்காப் படலம் உருவாகி, உயிர்வளி உள்ளே புகாமல் காக்கும்.

இதை எதிலிருந்து செய்யலாம் தெரியுமா? அதே உமியிலிருந்து! உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். உமியைக் காற்றுப் படாமல் ஏறத்தாழ 1500 பாகைக்குச் சூடாக்கினால், அதிலுள்ள கரிமமும் சிலிக்காவும் வினைபுரிந்து சிலிக்கான் கார்பைடாக மாறும். 1970-களிலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

அடுத்த முறை செபராங் பிறை வயல்களைக் கடக்கும்போது, அரிசியோடு உமியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.