திக்குவது நாக்கின் குற்றமா?

உன் வகுப்பில் "பா... பா... பாட்டி" என்று முதல் எழுத்திலேயே தடுமாறி நிற்கும் நண்பன் யாராவது உண்டா, கண்ணா? அவனுக்கு ஏன் அப்படி ஆகிறது என்று நீ யோசித்திருந்தால், சபாஷ்! பெரியவர்களே நெடுங்காலம் தப்பாக விடை சொன்ன கேள்வி அது.

அப்போதெல்லாம் பழி முழுவதும் நாக்கின் மேல்தான். 1841-இல் ஜெர்மனியில் டீஃபன்பாக் என்ற மருத்துவர், திக்கிப் பேசியவர்களின் நாக்கில் ஒரு துண்டை வெட்டியே எடுத்தார். நினைத்தாலே உடம்பு பதறுகிறது! பாவம், நாக்கு ஒரு தப்பும் செய்யவில்லை.

எங்கே, தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு மெதுவாக 'மாம்பழம்' என்று சொல். உதடு மூடுகிறது. தொண்டை அதிர்கிறது. 'ம்' வரும்போது காற்று மூக்கு வழியே போகிறது. 'ழ' வந்ததும் நாக்கு மேலே வளைகிறது. ஒரு சொல்லுக்கே இத்தனை வேலை! ஒவ்வொன்றையும் நேரம் பார்த்து நடத்துவது மூளை.

பள்ளியில் பாடவேளை மணி அடிக்கத் தாமதமானால் என்ன ஆகும்? கணக்கு சார் உள்ளேயே இருப்பார். தமிழ் டீச்சர் வாசலில் நிற்பார். இருவர் மேலும் தப்பில்லை, மணிதான் பிசகியது. திக்கும்போதும் அப்படித்தான். உதடு, நாக்கு, தொண்டை எல்லாம் நன்றாகவே இருக்கும். மூளை தரும் கட்டளை மட்டும் ஒரு கணம் முன்னே பின்னே ஆகிவிடும். புரிகிறதா?

திக்கிப் பேசுபவர்களின் மூளையை விஞ்ஞானிகள் படம்பிடித்துப் பார்த்தார்கள். பேச்சுக்கான பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைகள், அவர்களில் பலருக்கு இடப்பக்கத்தில் சற்றே வேறு மாதிரி இருந்தன.

அது ஏன் அப்படி? பரம்பரை ஒரு பெரிய காரணம். பாகிஸ்தானில் ஒரு பெரிய குடும்பத்தில் பலருக்குத் திக்கல் இருந்தது. அவர்களை ஆராய்ந்து, அதோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றத்தை 2010-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே காரணம் என்று நினைத்துவிடாதே. பல காரணங்கள் சேர்ந்தும் வரலாம்.

திக்கல் பயந்ததால் வந்ததா? இல்லை. திக்கும் பிள்ளையோடு பழகினால் ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டவே ஒட்டாது! ஆனால் ஏற்கெனவே திக்குபவர்களுக்குப் பதற்றம் வந்தால் திக்கல் கூடும். "சீக்கிரம் சொல்லுடா" என்று யாராவது அவசரப்படுத்தினால் உன் நண்பன் பாடு இன்னும் திண்டாட்டம். அவன் சொல்ல வந்ததை நீ முந்திக்கொண்டு சொல்லவும் வேண்டாம். அவனே சொல்லி முடிக்கட்டும்.

திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். மற்றவர்களுக்குக் கைகொடுக்கப் பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அதிசயம் ஒன்று உண்டு. காலையில் எல்லோரோடும் சேர்ந்து தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும்போது உன் நண்பனைக் கவனி. அநேகமாக ஒரு சொல்கூடத் திக்காது! பாட்டின் தாளமும் பக்கத்துக் குரல்களும் அப்போது நேரத்தை எடுத்துக்கொடுக்கின்றன என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. மூளைக்குள் அது எப்படி நடக்கிறது என்று இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.