பனிச்சாலையில் பிழை நேரும், உயிர் போகக் கூடாது: ஸ்வீடன் சொல்லும் பாடம்

மேற்படிப்புக்கும் வேலைக்கும் ஸ்வீடன் செல்லும் நம் பிள்ளைகள், முதல் குளிர்காலத்தில் அனுப்பும் படங்களைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். எங்கும் வெண்பனி! ஆனால் சாலையில் கண்ணாடி போலப் படிந்திருக்கும் ஐஸ் அந்தப் படங்களில் தெரிவதில்லை. கார் ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, நடந்து செல்பவருக்கும் அதுதான் ஆபத்து.

இத்தனை கடுமையான குளிர் இருந்தும், சாலைப் பாதுகாப்பில் உலகுக்கு முன்மாதிரியான நாடுகளில் ஒன்று ஸ்வீடன். எப்படி?

1997ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் 'பூஜ்ய இலக்கு' என்ற கொள்கையை ஏற்றது. சாலையில் யாரும் இறக்கவோ படுகாயமடையவோ கூடாது என்பதே அதன் நோக்கம். மனிதன் தவறு செய்யத்தான் செய்வான். அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாமலிருக்கப் பல நெடுஞ்சாலைகளின் நடுவே எஃகுக் கம்பிவடத் தடுப்பு போட்டார்கள். சந்திப்புகளில் ரவுண்டானா அமைத்தார்கள். மக்கள் நடமாடும் பல தெருக்களில் வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். 1997இல் 500க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 200 முதல் 230 வரை குறைந்திருக்கிறது.

டயரும் பயிற்சியும்

டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகி, பிடிமானத்தை இழந்துவிடும். குளிர்கால டயரின் ரப்பர் மென்மையாகவே இருக்கும்.

இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர், ஸ்வீடனில் குடியிருப்பவராகப் பதிவு செய்த பின் ஓராண்டு வரைதான் அதைப் பயன்படுத்தலாம். பிறகு அந்நாட்டு லைசென்ஸ் எடுக்க வேண்டும். அதற்கு வழுக்கும் தளத்தில் கார் ஓட்டும் பயிற்சி கட்டாயம். கார் நாம் நினைத்த இடத்தில் நிற்காது என்பதை அங்கே கண்ணால் கண்டு உணர்கிறார்கள்.

கடுங்குளிரைவிட, பூஜ்யம் டிகிரியை ஒட்டிய நாட்களில் கூடுதல் கவனம் தேவை. ஐஸின் மேல் மெல்லிய நீர் படிந்து அதிகமாக வழுக்கும். பாலங்கள் மற்ற இடங்களுக்கு முன்பே உறைந்துவிடும். வேகத்தைக் குறைத்து, முன்னால் செல்லும் வண்டியிடமிருந்து நன்கு தள்ளி வர வேண்டும். ஸ்டீயரிங்கைச் சட்டென்று திருப்பக் கூடாது.

நடப்பவருக்கும் பாதுகாப்பு

டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கறுப்புக் கோட்டு அணிந்து நடப்பவர், மங்கலான முகப்பு விளக்கில் 20, 30 மீட்டர் அருகே வந்த பிறகுதான் ஓட்டுநருக்குத் தெரிவார். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் சுமார் 14 மீட்டர் கடந்துவிடும். இரண்டு நொடியில் எல்லாம் முடிந்துவிடும்! கோட்டில் தொங்கவிடும் சிறிய ரிஃப்ளெக்டர் இருந்தால் 100 மீட்டருக்கும் அப்பாலிருந்தே ஆள் தெரிவார். அதனால்தான் அங்கே குழந்தைகளின் பள்ளிப் பையிலும் ரிஃப்ளெக்டர் தொங்குகிறது.

ஊரிலிருந்து போன் செய்யும்போது "சாப்பிட்டியா? குளிர் எப்படி இருக்கு?" என்று கேட்கிறோம். இனி "டயர் மாத்திட்டியா? கோட்டுல ரிஃப்ளெக்டர் இருக்கா?" என்றும் கேட்போம்.