தூரத்தில் இருக்கும் டாக்டர் தோலைப் பார்க்க முடியுமா?

 

அறிவியல் மிஸ் ஒருநாள் பேனா மாதிரி ஒரு குட்டி மைக்ராஸ்கோப் கொண்டுவந்தாங்களே, ஞாபகம் இருக்கா? கம்ப்யூட்டரில் செருகினதும் படம் திரையில் வந்தது. முதலில் பட்டு நூலை வைத்துப் பார்த்தோம். அடுத்து என் புறங்கையை வைத்தேன். அது என் தோல்தான் என்று நம்பவே முடியல. தண்ணீர் வற்றின ஏரி மாதிரி கோடு கோடாக இருந்தது! "மிஸ், இதை அப்படியே டாக்டருக்கு அனுப்பலாமா?" என்று கேட்டேன். "அனுப்புறாங்களே. நீயே படிச்சு எழுதிக்கிட்டு வா" என்று சொல்லிட்டாங்க. அதுதான் இந்தக் கட்டுரை.

டெர்மடாஸ்கோப் என்றால் என்ன?

தோல் டாக்டர்கள் வைத்திருக்கும் கருவி இது. தோலைச் சுமார் 10 மடங்கு பெரிதாகக் காட்டும். ஆனால் வெறும் பூதக்கண்ணாடி இல்லை. குளத்தில் வெயில் பட்டுப் பளபளத்தால் அடியில் இருக்கும் மீன் தெரியாது அல்லவா? தோலும் அப்படித்தான், மேலே பட்ட வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். எண்ணெயோ ஜெல்லோ தடவினால் அல்லது ஒளியை வடிகட்டும் கண்ணாடி வைத்தால் அந்தப் பளபளப்பு அடங்கும். அப்போது தோலுக்கு உள்ளே இருப்பதும் தெரியும். நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அது மேலே இருந்தால் கறுப்பாகவோ பழுப்பாகவோ தெரியும். ஆழத்தில் இருந்தால் நீலமாகத் தெரியும்!

அதில் என்னவெல்லாம் தெரியும்?

சிரங்கை உண்டாக்கும் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலுக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டு போகும். சுரங்கத்தின் கடைசியில் சின்ன முக்கோணம் ஒன்று தெரிந்தால் டாக்டர் அதைப் பிடித்துவிடுவார். அது பூச்சியின் முன்பக்கம்.

உள்ளங்காலில் மச்சம் இருந்தால் இன்னொரு அடையாளம் பார்ப்பார்கள். நம் கைரேகை மாதிரியே காலிலும் மேடும் பள்ளமுமாக வரிகள் உண்டு. நிறம் பள்ளத்தோடு போனால் பெரும்பாலும் பயமில்லை. மேட்டோடு போனால் புற்றுநோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள்.

டிஜிட்டல் கருவியாக இருந்தால் இதையெல்லாம் படம் பிடித்து எந்த ஊருக்கும் அனுப்பலாம். 2000-ஆம் ஆண்டிலேயே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள அரகொண்டா கிராமத்தை, நகரத்து டாக்டர்களோடு அப்போலோ மருத்துவமனை இணைத்தது. கொரோனா ஊரடங்கு நேரத்தில், 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேச இ-சஞ்சீவனி என்ற அரசு சேவை வந்தது.

ஆனால் ஒரு விஷயம்...

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். போன வருஷம் என் கையில், முழங்கைக்கு மேலே, வெளுப்பாக ஒரு திட்டு வந்தது. தெருவில் ஒரு பாட்டி பார்த்துட்டு, "குஷ்டமா இருக்கப் போகுதுடி" என்று சொல்லிட்டாங்க. மூணு மாசம் யாரிடமும் காட்டாமல் தாவணியால் மூடி மூடி வைத்தேன். கடைசியில் அம்மா பார்த்துட்டாங்க. நர்ஸம்மாவிடம் கூட்டிப் போனாங்க. அம்மா முன்னாடியே நர்ஸம்மா போட்டோ எடுத்து அனுப்பிட்டு, வீடியோவில் டாக்டரைக் கூப்பிட்டாங்க.

டாக்டர் போட்டோவைப் பார்த்துட்டு உடனே பெயர் சொல்லல. "பாப்பா, கண்ணை மூடிக்கோம்மா. சிஸ்டர், பஞ்சைத் திரிச்சு அந்தத் திட்டு மேல லேசாத் தொடுங்க" என்றார். தொட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரிந்தது. தொட்ட இடத்தைச் சரியாகக் காட்டினேன். லேசாகச் சுரண்டச் சொன்னார். மாவு மாதிரி உதிர்ந்தது. "இது தேமல்தான், பயப்படாதே. களிம்பு தரச் சொல்றேன். குறையலைன்னா நேர்ல வா" என்றார். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. எங்க அப்பா தறி நெய்கிறவர். "போட்டோவுல புடவை கலர் தெரியும், கனம் தெரியுமா? கையில எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்பார். தோலும் அப்படித்தான். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் உணர்ச்சி இருக்கா இல்லையா என்று படம் சொல்லாது. நர்ஸம்மாவின் கையும் நம்முடைய பதிலும் சேர்ந்தால்தான் டாக்டருக்கு முழுசாகத் தெரியும்.

ஒருவேளை தொழுநோயாக இருந்திருந்தால்?

அது சாபமும் இல்லை, பரம்பரையும் இல்லை. ஒரு கிருமி. 1873-இல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்தார். அந்தக் கிருமி நரம்பைத் தாக்கும். அதனால்தான் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி குறைந்திருக்கும். 6 மாதம் அல்லது 12 மாதம் கூட்டு மருந்து சாப்பிட்டால் குணமாகும். மருந்து இலவசம். நம் பக்கத்துச் செங்கல்பட்டில், திருமணியில், தொழுநோய்க்கென்றே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் 1955-லிருந்து இருக்கிறது. ஆனால் மறைத்து மறைத்து நரம்பு கெட்டுப்போனால், மடங்கிப்போன விரலை மருந்தால் நிமிர்த்த முடியாது. நான் மறைத்த மூணு மாசத்தை நினைத்தால் இப்பவும் பயமா இருக்கு.

போட்டோ எடுக்கும்போது கவனியுங்கள்:

1. பகல் வெளிச்சத்தில் எடுக்கணும். பிளாஷ் வேண்டாம்.
2. தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று. பக்கத்தில் ஸ்கேல் வைத்தால் அளவு தெரியும்.
3. பவுடர், மஞ்சள் பூசக் கூடாது. அழகாக்கும் ஃபில்டர் கூடவே கூடாது!
4. கடையில் கேட்டு வாங்கின களிம்பைத் தடவியிருந்தால் மறைக்காமல் சொல்லணும். சில களிம்பு அரிப்பை அடக்கும், ஆனால் படையின் உருவத்தையே மாற்றிவிடும். டாக்டரே ஏமாந்து போவார்.
5. வீட்டுப் பெரியவர்கள் இல்லாமல் யாருக்கும் படம் அனுப்பக் கூடாது.

தோழிகளே, உங்கள் உடம்பில் திட்டு எதுவும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொடுவது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நர்ஸம்மாவிடம் காட்டுங்கள். யார் கையிலாவது திட்டைப் பார்த்தால் பெயர் வைக்காதீர்கள். நோயின் பெயரை டாக்டர் சொல்லட்டும்!



– 9-ஆம் வகுப்பு மாணவி, கூரம்