ஒரே வாளை இருவர் எடுத்தால்?

கிடங்கில் கடைசிப் பெட்டி ஒன்றுதான்; அதன் பதிவை இரண்டு ஊழியர்கள் ஒரே நேரத்தில் திருத்தப் போனால்? எஸ்ஏபி என்ற வணிக மென்பொருள் இதற்காகப் பூட்டு அட்டவணை ஒன்றை வைத்திருக்கிறது. முந்தியவருக்குப் பதிவு திறக்கும்; பிந்தியவருக்கு, இன்னார் கையில் இருக்கிறது என்ற செய்திதான்.

எழுத்திலேயே பலர் ஆடும் மட் விளையாட்டுக்கும் இதே தலைவலி. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தது முதல் மட். 1989இல் ஸ்வீடனின் லார்ஸ் பென்ஷோ எழுதிய எல்பிமட்டில் பூட்டே இல்லை. எத்தனை பேர் தட்டினாலும், ஒரு கட்டளை முழுதாக முடிந்த பிறகே அடுத்தது. முதல் ஆள் வாளை எடுத்துவிடுவார். அடுத்தவருக்கு, ‘இங்கே வாள் இல்லை.’

சரி, எல்பிமட்டுக்கு நிரல் எழுத வரும் புதியவர் எங்கே தொடங்குவது? ஓர் அறையில். அதன் நிரல் மொழியான எல்பிசியில் அறை என்பது ஒரு சின்னக் கோப்பு: வர்ணனை, வாசல்கள், உள்ளே கிடக்கும் பொருள்கள். வாள், பூதம், ஆட்டக்காரர் எல்லாமே இப்படித் தனித்தனிப் பொருள்கள்தான். பூதம் தானாக நடமாட, ‘இதயத்துடிப்பு’ என்றொரு செயற்கூறை, ஆட்டத்தை ஓட்டும் நிரலான இயக்கி சில நொடிக்கொரு முறை அழைக்கும்.

கட்டளைகளை ஒவ்வொன்றாக முடிக்கும் அந்த வரிசை முறையில் ஒரு சிக்கல் உண்டு. கற்றுக்குட்டி முடிவில்லாத சுழற்சி ஒன்றை எழுதிவிட்டால், ஊரே உறைந்து நிற்கும். ஆகவே இயக்கி ஒவ்வொரு கட்டளைக்கும் எவ்வளவு ஓடலாம் என்று ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மீறினால் பாதியிலேயே வெட்டிவிடும். எல்பிமட்டில் ஆடி ஜெயித்தவரை மந்திரவாதியாக்கி, நிரல் எழுதும் உரிமையும் தந்தார்கள். முன்பின் நிரல் எழுதாதவர்களும் அவர்களில் இருந்ததால், இந்த வெட்டு ரொம்பவே தேவைப்பட்டது.