உங்களுக்குத் தெரியுமா? பாலாறும் குரோமியமும்

'குரோமா' என்றால் கிரேக்கத்தில் நிறம். 1797-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் கண்டறிந்த உலோகத்துக்குக் குரோமியம் என்று பெயர் வந்தது அதனால்தான். ஆளை அடையாளம் காட்டுவதும் நிறமே. மூன்று இணைதிறன் குரோமியம் பச்சை கலந்த நீலம், ஓரளவு சாது. ஆறு இணைதிறன் குரோமியம் மஞ்சள். மூச்சுவழி உள்ளே போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தோலைப் பதப்படுத்தின, வாரக்கணக்கில் ஆகும். குரோம் உப்பு அதையே ஓரிரு நாளில் முடித்துவிடும். ஆனால் வழக்கமான முறையில் போடுகிற குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஒட்டாது. கழிவுநீரோடு வெளியே போகும்.

அது போய்ச் சேர்ந்த இடம் பாலாறு. நந்தி மலையில் பிறந்து வயலூர் அருகே கடலில் கலக்கும் இந்த ஆறு, வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணல்தான். தண்ணீர் மணலுக்கு அடியில். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கழிவைக் கரைத்து அடித்துச் செல்ல வெள்ளம் வேண்டுமே, எங்கே போவது?

ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவைக் குவியலாக விட்டுச் சென்றது. மழை பெய்தால் அங்கே மஞ்சள் நீர் கசியும். எந்த நிறம் எது என்பதை மேலே படித்தீர்கள்.

'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் அழுத்தமாக நிலைநிறுத்திய தீர்ப்புகளில் ஒன்று இந்த ஆற்றங்கரை வழக்கிலேயே வந்தது: வேலூர் குடிமக்கள் நல மன்றம், உச்ச நீதிமன்றம், 1996 ஆகஸ்ட் 28. தோல் பதனிடும் ஆலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், ஆற்றை மீட்டெடுங்கள் என்று அதே நீதிமன்றம் மறுபடி சொன்னது 2025 ஜனவரி 30-இல்! இடையில் 28 ஆண்டுகள்.

குடிநீரில் குரோமியத்தின் இந்திய வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். இருபது லிட்டர் கேன் முழுவதற்கும் சேர்த்தே ஒரு மில்லிகிராம்தான்.

"காய்ச்சிக் குடித்தால் போதாதா?" என்பார்கள். போதாது. காய்ச்சினால் கிருமிதான் சாகும்; உலோகம் அப்படியே இருக்கும். நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, மிஞ்சியதில் குரோமியத்தின் செறிவு ஏறவே செய்யும்.